பூவரசுக்குப் பின்னால் ஒரு பாட்டு வகுப்பு

சாவகச்சேரியில் மாமாவின் கடை மூன்று மாடி. மேலே தண்ணீர்த் தாங்கி ஒழுகுகிறது, ஏறிப் பார் என்று அவர் என்னை அனுப்பிய அன்றுதான் அந்த எண்ணம் வந்தது. ஒழுக்கை அடைத்துவிட்டு நிமிர்ந்தேன். தெற்கே வயல்வெளி, அதற்கு அப்பால் ஒரு நீலப் பொட்டு. போன் கமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி! இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம் இருக்கும். மாமாவின் கடைக்கு அதிவேக இணையம் வந்து ஒரு வருடமாகிவிட்டது. எங்கள் ஊருக்கு, வீடுகள் போதாது என்று வயர் இழுக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வயர் எதற்கு?

இறங்கி ஓடினேன்.

“மாமா, உங்கடை மேல்மாடியிலை ஒரு தட்டுப் பூட்டப் போறன்.”

“என்ன தட்டு? சோத்துத் தட்டோ?”

“இன்ரநெற்றை எங்கடை ஊருக்கு எறியிற தட்டு.”

“எறியடி பிள்ளை, எறி. முதல் என்ரை தாங்கி ஒழுகாமல் பார்.”

இணைப்பை ஊராருடன் பகிர்ந்துகொள்ள இணையக் கம்பனியிடம் எழுத்தில் அனுமதி வாங்க மூன்று மாதம் பிடித்தது. தட்டுகளைப் பூட்ட ஒரு காலை போதுமாக இருந்தது. மாமாவின் மாடியில் ஒன்று, எங்கள் தாங்கியின் மேல் அதைப் பார்த்தபடி இன்னொன்று. தாங்கியிலிருந்து அயலுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு சிறிய அன்ரெனா. இணைப்பு எடுக்கிற வீட்டின் கூரையில் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி. முதல் ஆறு வீடுகளும் சொல்வழி கேட்டன. ஏழாவது வீடு பாட்டு அக்காவுடையது.

அக்கா அவுஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவரின் பிள்ளைகளுக்குப் போனில் சங்கீதம் படிப்பிக்கிறார். அங்கே பள்ளிக்கூடம் விட்டு அவர்கள் வீடு வரும்போது இங்கே உச்சி வெயில். அவருடைய வளவில் கிணற்றடியில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் எடுக்கும். ஆகவே வகுப்பும் கிணற்றடியில்தான், குடை பிடித்தபடி. சுருதியோடு வாளி விழும் சத்தத்தையும் கேட்டு அந்தப் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. தாய்மாருக்குப் பழகவில்லை. இந்தப் பள்ளித் தவணைக்குள் லைன் சரிவராவிட்டால் சென்னையில் வேறு ரீச்சரைப் பார்ப்போம் என்று எழுதிவிட்டார்கள். வகுப்புகள் போனால் அக்கா கொழும்புக்குப் போய் ஏதாவது கடையில் நிற்கவேண்டும். பாட்டு அத்தோடு சரி.

“அக்கா, இனிக் குடையும் வேண்டாம், கிணத்தடியும் வேண்டாம்” என்று வாக்குக் கொடுத்துப் பெட்டியைப் பூட்டினேன். முதல் நாள் மெல்பேர்ண் பிள்ளை மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. அக்கா வீட்டுக்குள், மின்விசிறிக்குக் கீழே, பாயில் இருந்து பாடினார். நான் வாசலில் நின்று இளித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரை வாரம் போனது. அக்கா கூப்பிட்டார்.

“பிள்ளை, ச ரி எண்டு வருது, பிறகு நேரை ம ப. காந்தாரத்தை ஆர் திண்டது?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்தப் பிள்ளை சரியாய்த்தான் பாடினவள். எனக்குத்தான் கேக்கேல்லை. பிழையெண்டு சொல்லி நாலுதரம் பாடவைச்சிட்டன். அழுதிட்டாள்.”

அதற்குப் பிறகு நான் விட்டுவைத்தது ஒன்றுமில்லை. வயரை மாற்றினேன், முனைகளைத் திரும்பப் பூட்டினேன், வெயிலைக் குற்றம் சொன்னேன். ஒரு திங்கட்கிழமை காலை பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தேன். மத்தியானம் பார்த்தால் முதல் நாள் போலச் சிக்னல்! “கண்டுபிடிச்சிட்டன்!” என்று எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். அக்கா ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்துவிட்டார். வெட்கமில்லாமல் குடித்தேன். மூன்று கிழமையில் காந்தாரம் மறுபடியும் காணாமல் போனது.

இந்த முறை ஒன்றையும் தொடாமல், பெட்டியில் பதிவாகியிருந்த சிக்னல் அளவுகளை நாள்வாரியாகக் கொப்பியில் கோடாகக் கீறிப் பார்த்தேன். கோடு மெல்ல மெல்ல இறங்கி வந்து, அந்தத் திங்கட்கிழமை ஒரே பாய்ச்சலில் ஏறியிருந்தது. பிறகு திரும்பவும் மெல்ல இறக்கம். எந்த இயந்திரமும் இப்படிப் பழுதாகித் திருந்துவதில்லை. ஏணியைச் சாத்தி அக்காவின் கூரையில் ஏறி எங்கள் தாங்கி இருக்கும் பக்கம் பார்த்தேன். தாங்கியைக் காணவில்லை. இடையில் ஒரு பூவரசு, தலை நிறைய இலையும் குழையும்.

பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு கொப்பு சரிந்து விழுந்தது. கையிலிருந்த போனில் பெட்டியின் சிக்னல் அளவு ஏறியது. இன்னொரு கொப்பு விழுந்தது. இன்னும் ஏறியது. வேலியோரம் கொப்பு இழுக்கும் கொக்கத்தடியோடு நின்றவர் பக்கத்து வளவு மாமி. ஒன்பது ஆடு வளர்க்கிறார். முகத்துக்கு நேரே மாமி, மற்ற நேரம் ஆட்டு மாமி.

“மாமி, இன்னும் ஒண்டை இழுங்கோ!”

“ஏன், உனக்கும் குழை வேணுமோ?”

பூவரசங்குழை என்றால் ஆடுகளுக்கு உயிர். மாமி மூன்று கிழமைக்கு ஒருக்கால் அந்த மரத்தை மொட்டையாக்குவார். நான் பெட்டி பூட்டியது மொட்டையாக நின்ற நாளில். மென்பொருளைப் புதுப்பித்த திங்கட்கிழமையும் மாமி குழை வெட்டிய நாள்தான். தளிர்த்த இலையெல்லாம் தண்ணீர். வருகிற அலையை அது குடித்துவிடும். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் அலைகளைப் படித்தவள், ஆடு எப்போது சாப்பிடும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இறங்கிப்போய் விளங்கப்படுத்தினேன். மாமி இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

“அப்ப உன்ரை இன்சினியர் வேலையை என்ரை ஆடுகள்தான் பாத்திருக்குதுகள்.”

“மரத்தின்ரை தலையை ஒரேயடியாய் வெட்டலாமோ, மாமி?”

“விசரே உனக்கு? உது எல்லை மரம். அது போனால் அங்காலை வளவுக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போடுவான். குழையைத் தொடு, மரத்தைத் தொடாதை.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இன்னொண்டு. வாற மாதம் கிடாயளை விக்கப் போறன். பிறகு இவ்வளவு குழை எனக்கெதுக்கு?”

வேலிக்கு மேலால் அக்காவின் முகம் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

“இண்டைக்கு வெட்டினது எத்தினை நாளைக்குக் காணும்?”

“மூண்டு கிழமை அக்கா.”

“பிள்ளையளின்ரை சோதினை நாலாம் கிழமை.”

சோதனை போனில்தான். தாய்மாரும் பக்கத்தில் இருந்து கேட்பார்கள்.

மாமியின் வளவைச் சுற்றிப் பார்த்தேன். ஆட்டுக்கொட்டிலடியில் இருந்து நேரே பார்த்தால் அக்கா வீட்டுக் கூரை. இடையில் ஒரு இலை இல்லை. அந்த இடத்தில் பூவரசை விட உயரமாக ஒரு குழாயை நிறுத்தினால் அதன் உச்சிக்கு எங்கள் தாங்கியும் தெரியும். தாங்கியிடம் வாங்கி அக்காவுக்குக் கொடுக்க இரண்டு பெட்டிகள் போதும்.

“நட்டுக்கொள்” என்றார் மாமி. “ஆனால் கொட்டிலைப் பாத்தமாதிரி ஒரு கமராவும் பூட்டவேணும். போன மாதம் ரெண்டு மறியாடு களவு போட்டுது. ஆர் கொண்டுபோனதெண்டு தெரியும், காட்டத்தான் படமில்லை.”

சம்மதித்துவிட்டேன். குழாய்களை மாமாவின் கடையிலிருந்து லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தாயிற்று. மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்ட முளைகளும் அடித்தாயிற்று. வருகிற சனிக்கிழமை, சோழகக் காற்று வேகம் எடுக்க முதல், குழாயை நிமிர்த்தப் போகிறோம். அன்று பத்தரைக்கு அக்காவுக்கு வகுப்பு. அவர் கூரைப் பெட்டியைப் புதுக்குழாயின் பக்கம் திருப்பும்போது இணைப்பு ஐந்து நிமிடம் நிற்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

“அஞ்சு நிமிசம்தானே?” என்றார்.

“ஓம் அக்கா.”

நாலில் முடிப்பதாக எண்ணம்.