பிரதம விருந்தினரின் காதுக்குப் பின்னால் ஐதரசன்

வெள்ளவத்தையில் அறிவியல் உரை நிகழ்த்த அறிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிரதம விருந்தினர் ஒருவரும் அவருடைய படமும் போதும். இது தெரியாமல் நான் சனி, ஞாயிறுகளில் மடிக்கணினி முன் குந்தியிருந்தேன். எங்கோ பெரிய ரேடியோத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இணையத்தில் இலவசமாக விட்டுவைத்த தரவுகளைக் கொண்டு, ஒரு சுருள் விண்மீன் திரளில் ஐதரசன் வாயு எங்கெங்கே பரவிக் கிடக்கிறது என்று வரைபடம் போட்டேன். வீட்டில் அதற்கு 'அப்பாவின்ர புகை' என்று பெயர்.

அந்தப் புகையில் சொல்லும்படியாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நட்சத்திரங்கள் முடிந்த இடத்தில் வாயு முடியவில்லை. ஒரு பக்கமாக மட்டும், மெல்லிய வால்போல, இருட்டுக்குள் நீண்டு போனது. பக்கத்துத் திரள் ஏதோ என்றோ உரசிவிட்டுப் போயிருக்கலாம். நிபுணர்களுக்கு இது பழஞ்செய்தியாகவே இருக்கட்டும். நான் என் கண்ணால் கண்டது. அந்த வாலைக் காட்டத்தான் எங்கள் மன்றத்தில் பேச ஒப்புக்கொண்டேன். வாலை எடுத்துவிட்டால் மிச்சம் கலண்டர் படம்.

மன்றச் செயலாளர் காப்புறுதி விற்பவர். என்னிடம் வரைபடத்தை வாங்கி, கொட்டாஞ்சேனையில் பனர் அடித்துக்கொண்டு வந்து, புரொஜெக்டர் திரையை மறைத்தே கட்டிவிட்டார். வால் இருந்த இடத்தில் பிரதம விருந்தினர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐசே, வால் எங்க?"

"ஓரத்தில ஊத்தை மாதிரி ஒண்டு கிடந்ததே, அதோ? துடைக்கச் சொல்லிப்போட்டன் அண்ணை. இடம் சும்மா கிடக்குதெண்டு ஐயாவைப் போட்டம்."

"அந்த ஊத்தைதான் என்ர பேச்சு!"

"பேச்சை ஆர் அண்ணை பாக்கினம்? பனரைத்தான் பேஸ்புக்கில போடுவினம்."

விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை. இவ்வளவும் முடிவதற்குள் ஒரு விண்மீன் திரள் பாதி சுற்றுச் சுற்றிவிடும். பொன்னாடை போர்த்தியவர்கள் யாருக்கு எதற்குப் போர்த்தினார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

என் முறை வந்தது. எனக்கு வீரம் கிடையாது. பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கவே தயங்குகிறவன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்று, இல்லாத வாலைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. மேசையில் கிடந்த தடித்த மார்க்கரை எடுத்து, திரளின் விளிம்பிலிருந்து வாலை இழுத்தேன். அது பிரதம விருந்தினரின் இடக் காதுக்குப் பின்னால் புகுந்து நெற்றியைக் கடந்தது.

"ஐயோ அண்ணை!" என்றார் செயலாளர்.

பிரதம விருந்தினர், புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்பவர், எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பனருக்குக் கிட்ட வந்தார்.

"தம்பி, இது எவ்வளவு தூரம் போகுது?"

"படத்தில உங்கட மற்றக் காது வரைக்கும், ஐயா. உண்மையில பனரையும் தாண்டிப் போகும்."

அவர் செயலாளர் பக்கம் திரும்பினார். "அப்ப என்னை ஏன் கொண்டுவந்து இதில ஒட்டினனீர்?"

செயலாளர் கைதட்டத் தொடங்கினார். சபையும் தட்டியது. எதற்கென்று கேட்காதீர்கள். பிரதம விருந்தினர் மட்டும் தட்டவில்லை; முன்வரிசைக் கதிரையை மேடைக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவருடைய நெற்றியிலிருந்து உரையைத் தொடங்கினேன்.