ரிப்பன் கட்டிய கை

என் மகள் யூகேஜி படித்த வருஷம் முழுக்க நான் ஒருத்தியைக் கறுவிக்கொண்டே இருந்தேன். அவளுடைய மிஸ்ஸைத்தான். இன்றைக்கும் அந்தப் பள்ளியின் வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பரமத்தி வேலூரில் வீட்டின் முன்னறையையே தையல் கடையாக வைத்திருக்கிறேன். துணி வெட்டும் மேஜைக்கு அடியில்தான் என் மகள் வளர்ந்தாள். நாலு வயதிலேயே சாக்பீஸ் கோட்டின் மேல் பிசகாமல் வெட்டுவாள், அதுவும் இடது கையால். கடையில் விற்கிற கத்தரிக்கோல் எல்லாம் வலது கைக்காரர்களுக்குச் செய்தவை. இடது கையில் பிடித்தால் துணி வெட்டுப்படாமல் நடுவில் மடிந்து சிக்கிக்கொள்ளும். கட்டைவிரலை உள்பக்கமாக இழுத்துப் பிடித்தால் வெட்டும் என்பதை அவளே கண்டுபிடித்திருந்தாள். எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வருகிற வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் அவளை வெட்டிக் காட்டச் சொல்லுவேன்.

பள்ளியில் கொடுத்த ரிப்போர்ட் கார்டில் மார்க் கிடையாது. ஒன்றாம் வகுப்புக்குப் போவதற்குள் பிள்ளைக்கு என்னென்ன வந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. பென்சிலைச் சரியாகப் பிடிக்கிறாளா, கோட்டுக்குள் வண்ணம் தீட்டுகிறாளா, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறாளா, கத்தரிக்கோல் பிடிக்கிறாளா, தன் முறை வரும்வரை பொறுமையாக இருக்கிறாளா. வந்ததற்கு ஸ்டார், வராததற்கு ‘இன்னும் முயற்சி தேவை’. என் மகளுக்கு ஒரே ஒரு ஸ்டார், பொறுமைக்கு. கத்தரிக்கோலுக்குக்கூட முயற்சி தேவையாம். தையல்காரி பெற்ற பிள்ளைக்கு!

கொஞ்ச நாளில் அவள் மேஜைக்கு அடியில் உட்காருவதையே விட்டுவிட்டாள். வெட்டுத்துணிகளைப் போட்டாலும் எடுக்கவில்லை. ஒருநாள் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். வாங்காமல் நின்று, “எந்தக் கைல குடிக்கட்டும்மா?” என்று கேட்டாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். இடது மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். மிஸ் அந்தக் கையை ரிப்பனால் நாற்காலியோடு கட்டிவைக்கிறாளாம், எழுதும் நேரம் முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறாளாம்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் நேராகப் பள்ளிக்குப் போனேன். மிஸ் சின்னப் பெண்தான், கல்லூரி முடித்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சிரித்தாள்.

“ஒரு பழக்கத்துக்குத்தானுங்க்கா. நாளைக்குப் பந்தியில பீச்சாங்கைல சோறு போட்டாள்னா நாலு பேரு உங்களைத்தானுங்க கேப்பாங்க?”

தலைமையாசிரியை அவள் பக்கம்தான் பேசினார். இஷ்டமில்லையென்றால் டீசி வாங்கிக்கொள்ளலாம் என்றார். வருஷ நடுவில் பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? வாயை மூடிக்கொண்டு வந்தேன். வந்து மிஷினில் உட்கார்ந்தவளுக்கு அன்று ஒரு தையல்கூட நேராக விழவில்லை. சிக்காமலா போய்விடுவாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சிக்கினாள். பள்ளி லீவு விட்ட மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தப் பட்டுக்கு ப்ளவுஸ் தைக்க என்னிடமே வந்தாள். அளவெடுக்கும்போது மாப்பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். ரிப்பனோ, நான் பள்ளிக்கு வந்ததோ அவளுக்கு நினைவிலேயே இல்லை. எனக்கா மறக்கும்? இஞ்சு டேப்பை அவள் கழுத்தைச் சுற்றிப் பிடித்தபோது என் மனதில் என்னென்ன ஓடியது என்பதை எழுத மாட்டேன்.

ப்ளவுஸை ஒரு குறையில்லாமல் தைத்தேன். தொழிலில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கடைசியில் கையால் கட்ட வேண்டிய கொக்கிகளில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் அவசர அவசரமாக வந்தாள், முழங்கை வரை மருதாணி. வாசலில் அவளுடைய அண்ணன் பைக்கை அணைக்காமலே நின்றான். ஊசியில் நூல் கோத்து அவள் முன்னால் வைத்தேன்.

“ஒரு கொக்கிதாங்க மிஸ் பாக்கி. அதை நீங்களே கட்டி எடுத்துட்டுப் போங்க. பீச்சாங்கைல.”

கேலி என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ப்ளவுஸை என் மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது போலிருக்கிறது, முகம் விழுந்துவிட்டது. வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியை இடது கையில் எடுத்தாள். கொக்கி நழுவியது. நூல் முடிச்சு விழுந்தது. விரலில் குத்திக்கொண்டாள். “இன்னும் முயற்சி தேவைங்க மிஸ்” என்றேன். அவள் கண் கலங்கியது. என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

பேச்சுச் சத்தம் கேட்டு என் மகள் உள்ளிருந்து வந்தாள். மிஸ்ஸைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மிஸ்ஸின் கையில் ஊசி இருப்பதைப் பார்த்தாள். பிறகு மேஜை மேலிருந்த மர ஸ்கேலை இடது கையால் எடுத்து வந்து, “அந்தக் கை கூடாதுங்க மிஸ்” என்று மிஸ்ஸின் விரல்முட்டி மேல் ஒன்று போட்டாள். ஸ்கேலைப் படுக்கையாக இல்லை, விளிம்பு படுகிற மாதிரி நிமிர்த்திப் பிடித்து அடித்தாள். அப்படி அடிக்கிற வழி இந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

மிஸ் ஊசியைப் போட்டுவிட்டு அழுதாள். தான் ஸ்கேலால் அடித்ததுண்டு என்று ஒப்புக்கொள்வாள், அதற்கும் சேர்த்துக் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன்.

“நான் ஒருநாளும் அடிச்சதில்லைங்க்கா. எங்கம்மா சத்தியமா இல்லைங்க.”

அவள் பொய் சொல்லவில்லை. வீட்டிலும் வலது கையைப் பழக்குங்கள் என்று முதல் மாதம் டைரியில் எழுதி அனுப்பியிருந்தாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தில் நானும்தான் பழக்கினேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால், இதே ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து. ரிப்பன் தடத்தைப் பார்த்த பிறகு அது எனக்கு வசதியாக மறந்துபோயிற்று.

என் மகள் என் பக்கம் திரும்பி நின்றாள்.

“அம்மா, நீ கைய நீட்டு.”

நீட்டினேன். நல்ல அடி.