கதவுக்குத் தெரியாத விரல்

லிஃப்ட்காரர் வேலைக்குத்தான் ஓய்வு கொடுத்தார். கைக்கும் வாய்க்கும் கொடுக்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்க நகரத்தில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறிய மனிதர். விரல் இடுக்கிலிருந்து கிரீஸ் வாசனை போவதற்கே ஓராண்டு ஆயிற்று. அதற்குள், அவர் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டிடத்தில் குழாய் சொட்டினாலும் மோட்டார் இருமினாலும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் தேவைப்பட்டபோது யாரும் வேறு ஆளைத் தேடவில்லை. அவரும் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நல்ல மனிதர். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதிலும் இயந்திரம் என்று வந்துவிட்டால் அந்த மூன்றாவது காலும் சந்தேகம்தான்.

மனைவி அதற்கு நேர் எதிர்; எதிலும் பிடிவாதம் கிடையாது. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் கொதிக்கும் தண்ணீரிலும் சோடாவிலும் கை வைத்து வேலை பார்த்தவர். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் பேச முடியாது. அந்தப் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்திருந்தவர் போல, ஓய்வுக்குப் பிறகு தினமும் மாலையில் பின்தெருவிலிருந்த தையல்கடைக்குப் போவார். தையல்கார அக்காவுக்கு இவரைவிட நாலைந்து வயது கூடுதல்; காதும் கொஞ்சம் மந்தம். அக்கா மிஷினை மிதிப்பார், இவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுப்பார். ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் அந்தச் சின்னக் கடைக்குள் வந்து போகும். இருட்டுவதற்குள் வீடு திரும்பும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். லிஃப்ட்காரர் அதைப் பார்த்திருக்கிறார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில்லை.

ஒரு வாரத்துக்குள் கீழ்த்தளத்திலிருந்து இரண்டு சைக்கிள்கள் காணாமல் போயின. சங்கம் கூடியது. வாசலுக்கு ஒரு நல்ல ஏற்பாடு வேண்டும் என்று முடிவாயிற்று. எந்த ஏற்பாடு என்பதில்தான் வாக்குவாதம்.

இரண்டாம் மாடி மருந்துக்கடைக்காரர், "ஆளுக்கொரு கார்டு குடுத்துடலாங்க. எங்க கடை கோடவுன்ல அதான் வச்சிருக்கோம். தொட்டா திறக்குது, வேலை முடிஞ்சுது" என்றார்.

"கார்டு இரவல் போகும்" என்றார் லிஃப்ட்காரர். "இன்னைக்கு உங்க கையில, நாளைக்கு பேப்பர் போடறவர் கையில. நம்பர் பூட்டு போட்டா ரெண்டே நாள்ல தெருவுக்கே நம்பர் தெரிஞ்சிடும். விரல் ரேகைன்னா அந்த வம்பே இல்ல. விரலை யாரும் வீட்ல மறந்து வச்சிட்டு வர முடியாது பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைத்தவர் பக்கம்தானே கூட்டம் சாயும்? ஆனாலும் அவர் வெறும் வாயால் ஜெயிக்கவில்லை. வெயிலில் அலைந்து, நாலு கட்டிடங்களுக்குப் போய், அங்கே கதவு எப்படி நடந்துகொள்கிறது என்று நின்று பார்த்தார். கம்பெனியிலிருந்து விளக்கம் சொல்ல வந்த பெண்ணைக் கேள்வியால் துளைத்தெடுத்தார்.

"கரண்ட் போனா கதவு பூட்டிக்குமா, திறந்துக்குமா?"

"காந்தப் பூட்டு சார். கரண்ட் சுத்தமா போயிட்டா திறந்துக்கும். நெருப்பு பிடிச்சா யாரும் உள்ள மாட்டிக்கக் கூடாதில்ல? உள்ளேயிருந்து வெளிய போக ஒரு பொத்தான் அழுத்தினா போதும்."

"நல்லது. அப்ப பேட்டரி தனியா வேணும்."

"வச்சிடலாம் சார். இன்னொண்ணு சொல்லணும். சில பேருக்கு ரேகை சரியா பிடிக்காது. வயசானவங்க, கைவேலை செஞ்சவங்க. இதே பெட்டியில கார்டும் படிக்கிற மாதிரி இருக்கு. பெரிய வித்தியாசம் இல்ல. அதையே எடுத்துக்கறது நல்லது."

லிஃப்ட்காரர் தலையை ஆட்டினார், பக்கவாட்டில். "ரெண்டு வழி வச்சா அது பூட்டு இல்லம்மா, சல்லடை."

அதே கண்டிப்போடுதான், வீட்டிலிருந்தபடியே பொத்தானை அழுத்தி வாசலைத் திறக்கும் வசதியையும் அவர் தள்ளிவிட்டார். வந்தது யாரென்று பாராமல் ஆளாளுக்கு அழுத்திவிடுவார்களாம். மணி அடித்தால் கீழே வரவேண்டும், முகத்தைப் பார்க்கவேண்டும், பிறகு திறக்கவேண்டும். போதாததற்குக் கண்ணாடிக் கதவில் தன் கையாலேயே எழுதி ஒட்டினார்: 'உங்கள் பின்னால் வேறு யாரையும் நுழைய விடாதீர்கள்.'

ரேகை பதியும் நாளில் கட்டிடமே கீழ்க்கூடத்தில் வரிசையாக நின்றது. விரல் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது, குழந்தைகள் கைதட்டினார்கள். லிஃப்ட்காரரின் மனைவி முறை வந்தது. கட்டைவிரல் வைத்தார். சிவப்பு விளக்கு. 'மறுபடியும் வைக்கவும்' என்றது பெட்டிக்குள்ளிருந்த பெண் குரல். ஆள்காட்டி விரல் வைத்தார். சிவப்பு. கம்பெனிப் பெண் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தாள், கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்தாள், மற்றக் கையையும் வைக்கச் சொல்லிப் பார்த்தாள். பத்து விரலுக்கும் ஒரே பதில்தான்.

"அம்மா என்ன வேலை பாத்தீங்க?"

"துணி வெளுக்கிற வேலை. ஆஸ்பத்திரியில."

அந்தப் பெண் அவர் விரல் நுனியைத் தடவிப் பார்த்தாள். நதிக் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தது. "ரேகை தேஞ்சே போச்சும்மா" என்றவள், லிஃப்ட்காரர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "சார், இப்பகூட ஒண்ணும் கெட்டுப் போகல. கார்டு பெட்டியா மாத்திக் குடுத்துடறேன். அரை நாள் வேலை."

வரிசையில் மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார். சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பார்வையே லிஃப்ட்காரருக்குப் போதுமானதாக இருந்தது. ஊருக்கு ஒரு நியாயம், உன் வீட்டுக்கு ஒரு நியாயமா என்று நாளைக்கு ஒருவன் கேட்க மாட்டானா?

"வேணாம். அவ தனியா எங்க போறா? நான் வீட்லதானே இருக்கேன், இறங்கி வந்து திறந்துவிடறேன்" என்றார்.

மனைவி விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தபடி நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விட்டார்.

முதல் மாதம் சொன்ன சொல் தவறவில்லை. தையல்கடையிலிருந்து அவர் வந்து மணியை அடித்தால், மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட்காரர் உடனே இறங்கி வந்தார். "வாங்க மகாராணி" என்று கதவைத் திறந்து குனிந்துகூட நின்றார். பிறகு மணி அடிக்கும்போது சில நாள் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சில நாள் குளியலறையில் இருந்தார். சில நாள் கண்ணயர்ந்துவிட்டார். மனைவி வெளியே படியில் நின்றார். தெருவில் போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்தபோது இவர் படியில் நிற்பதைப் பார்த்தார். "உங்களை உள்ள விடலாங்களா அம்மா? உங்க வீட்டுக்காரர் போர்டு போட்டிருக்காரே!" என்று சிரித்தார். இவரும் சிரித்தார். மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார்; மனதில் ஒன்றுமில்லை. ஆனால் சிரிப்பு அடங்கி லிஃப்ட் மேலே போகும்போது, தன் வீட்டுக்குத் தானே விருந்தாளியாக வந்ததுபோல இவருக்கு இருந்தது.

அது பரவாயில்லை. அடுத்து நடந்ததுதான் தாங்க முடியாதது. நாலாம் மாடிக்குப் புதிதாக வந்திருந்த இளைஞன் ஒருவன் இவரை அதற்குமுன் பார்த்ததில்லை. அவன் விரல் வைத்துக் கதவைத் திறந்தான். பின்னாலேயே நுழையப் போனவரைப் பார்த்துப் போர்டைக் காட்டினான். "மன்னிச்சுக்கோங்க ஆன்ட்டி. ரூல் அப்படி. நீங்க யார் வீட்டுக்கு வந்திருக்கீங்களோ அவங்களைக் கூப்பிடுங்க." மரியாதையாகத்தான் சொன்னான். மரியாதையாகவே கதவையும் சாத்தினான்.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் மாலை, "கால் ஒரு மாதிரி வலிக்குது, போகல" என்றார். அதற்கு மறுநாளும் வலித்தது. கொஞ்ச நாளில் கேள்வியும் நின்றது, பதிலும் நின்றது.

லிஃப்ட்காரருக்கு அது உறுத்தவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் பிடித்திருந்தது. மாலையில் கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருந்தது, சூடாகத் தேநீர் கிடைத்தது. சைக்கிளும் அதற்குப் பிறகு காணாமல் போகவில்லை. பக்கத்துக் கட்டிடங்களிலிருந்து வந்து பார்த்தவர்களிடம் அவர் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். பெருமை கண்ணை மறைத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாடுவது எப்படித் தெரியும்? மனைவி ஜன்னலோரமாக உட்கார்ந்து, முன்பே தைத்த பொத்தானைப் பிரித்து மறுபடி தைப்பதை அவர் ஒரு வேலை என்றே நினைத்தார்.

தையல்கார அக்கா இரண்டொரு முறை பார்க்க வந்தார். பிறகு அவருக்கும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. போனில் பேசலாம் என்றால் அவருக்குக் காது கேட்காது. இவர் என்ன சொன்னாலும் "ஆமா, ஆமா" என்பார். "எனக்கு உடம்பு சரியில்லக்கா" என்றால் அதற்கும் சந்தோஷமாக "ஆமா" வரும். போனை வைத்துவிட்டு இவர் சிரிப்பார். சிரித்து முடித்ததும் மறுபடி பொத்தானைப் பிரிக்க ஆரம்பிப்பார்.

பார்சல் கொண்டுவருகிறவர்கள் எல்லா வீட்டு மணியையும் அமுக்கித் தொல்லை கொடுத்த நாட்கள் அவை. மதியத் தூக்கம் கெடுகிறது என்று லிஃப்ட்காரர் சாப்பிட்டதும் மணியை அணைத்து வைக்க ஆரம்பித்தார்.

ஒரு மாலை, லிஃப்ட்காரர் பால் வாங்கி வரும்போது மருந்துக்கடைக்காரர் லிஃப்ட் அருகே அவரை நிறுத்தினார். வழக்கமான கேலி அவர் முகத்தில் இல்லை.

"தையல்கடையம்மா போயிட்டாங்க, தெரியுமா?"

லிஃப்ட்காரருக்குத் திக்கென்றது. "எப்போ?"

"அட, உயிரோடதான் இருக்காங்க. மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா, தூரத்துல. கடையைக் காலி பண்ணிட்டாங்க. போறதுக்கு முன்னாடி மதியம் உங்க வீட்டம்மாவைப் பார்க்க வந்தாங்களாம். மணி அடிச்சு அடிச்சுப் பார்த்திருக்காங்க. யாரும் வரல. கார் காத்துட்டிருந்ததால என் கடையில வந்து சொல்லிட்டுப் போனாங்க. 'சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன், ரொம்ப நேரம் நின்னேன்னு மட்டும் சொல்லுங்க'ன்னாங்க."

லிஃப்ட்காரர் பால் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் மற்றவர். "உங்க வீட்டம்மா வெளிய வராம போனதுக்கும் இந்தக் கதவுதான் காரணம்னு நினைக்கிறேன். நாலாம் மாடிப் பையன் ஒருநாள் அவங்களை உள்ள விடல. யாருன்னு தெரியாம பண்ணிட்டேன்னு அவனே எங்கிட்ட சொல்லி வருத்தப்பட்டான். உங்ககிட்ட சொல்லத்தான் பயம்."

லிஃப்ட் வந்து நின்றது. அவர் ஏறாமல் படியேறிப் போனார்.

மனைவி ஜன்னலருகே இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"நின்னாங்களாமா? ரொம்ப நேரமா?"

"ஆமா."

"அவங்களால நிக்க முடியாதே" என்றார். அவ்வளவுதான். அழுகை இல்லை, கோபம் இல்லை. லிஃப்ட்காரர் ஒரு வசவாவது வராதா என்று காத்திருந்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, அந்தப் பையன் விஷயத்தை."

"என்னன்னு சொல்றது? கதவுக்கு என்னைத் தெரியல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

என்ன பண்ணியிருக்கலாம் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கம்பெனிப் பெண் இரண்டு முறை சொன்னாள். அவருடைய வாய் இரண்டு முறை வேண்டாம் என்றது. சல்லடை என்று அன்று கேலி செய்தது இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அந்த வாரமே சங்கத்தைக் கூட்டினார். நீட்டி முழக்கவில்லை. "கார்டும் சேர்த்து வைக்கணும். மருந்துக்கடைக்காரர் சொன்னதுதான் சரி" என்று சொல்லி உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு ஆடவில்லை. அந்த மரியாதையை லிஃப்ட்காரர் கடைசிவரை மறக்கவில்லை. கதவில் ஒட்டியிருந்ததை அவரே கிழித்தார். பசை போகாமல் காகிதத்தின் ஓரம் மட்டும் அங்கேயே நின்றது. கம்பெனிப் பெண் வந்து பெட்டியை மாற்றினாள். அவள் சொன்ன அரை நாள்கூட ஆகவில்லை.

மனைவி கார்டை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. "திறந்துடுச்சே" என்று வெளியே போனார். லிஃப்ட்காரர் மேலிருந்து பார்த்தார். பின்தெரு வரைக்கும் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். தையல்கடை இருந்த இடத்தில் போன் பழுது பார்க்கிறார்களாம். "உள்ள கூப்பிட்டு என்ன வேணும்னு கேட்டாங்க. எனக்கு என்ன வேணும்னு சொல்ல?" என்றபடி செருப்பைக் கழற்றினார்.

ஒரு முறை இருவரும் பஸ் ஏறித் தையல்கார அக்காவைப் பார்க்கப் போனார்கள். அரை நாள் பயணம். அங்கே இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். "அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன்க்கா, மணி கேக்கல" என்று மனைவி காதருகே சத்தமாகச் சொன்னார். அக்கா, "எனக்குத்தான் கேக்காது, உனக்குமா?" என்று கேட்டுச் சிரித்தார். மணியை அணைத்தது யார் என்று மனைவி சொல்லவில்லை. வாசலோரம் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் மனைவியின் கால் வீங்கிவிட்டது. இனி அவ்வளவு தூரம் வேண்டாம் என்றார் டாக்டர்.

இப்போதும் அந்தக் கட்டிடத்தின் வாசல் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. லிஃப்ட்காரர் செயலாளர் பொறுப்பை மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். தினமும் மாலையில் சட்டை மாற்றி, செருப்பு மாட்டிக்கொண்டு, "பூங்கா வரைக்கும் நடந்துட்டு வரலாமா? மெதுவா போகலாம்" என்று மனைவியைக் கேட்கிறார்.

"நாளைக்குப் பார்க்கலாங்க" என்கிறார் அவர், ஜன்னலிலிருந்து திரும்பாமலே.

சரி என்று இவரும் எதிர் நாற்காலியில் உட்காருகிறார். மனது மாறினாலும் மாறலாம் என்று, வெளிச்சம் போகும்வரை செருப்பைக் கழற்றுவதில்லை.