ஊட்டிய கை

லிங்கராஜபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஹாலில் அப்பாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள். அத்தை மைக்கை விடவே இல்லை. "எங்க அண்ணன் பையன் இருக்கானே, பக்கா டாடீஸ் பாய். பத்து வயசு வரைக்கும் அவங்கப்பா ஊட்டினாத்தான் இவனுக்குச் சோறு எறங்கும்." ஹாலே சிரித்தது.

டாடீஸ் பாய். நாற்பது வருடமாக என் மேல் ஒட்டியிருக்கும் பேர். தமிழில் அப்பா கோண்டு. அதிலாவது ஒரு நேர்மையான கேலி உண்டு. இங்கிலீஷில் சொன்னால் அது கொஞ்சல், சென்ட் அடித்த கொஞ்சல். இரண்டையும் வெறுக்கிறேன்.

ஊட்டியது உண்மைதான். குழம்பில் உப்பு குறைந்தால் அப்பாவின் கை எழும். இறங்குவது அம்மாவின் கன்னத்தில். ஆனால் சோறு பிசைந்து பிள்ளை வாயில் வைத்துக்கொண்டிருக்கும் கை அந்த நேரத்துக்கு அடிக்காது. ஆறு வயதில் இதைக் கண்டுபிடித்தேன். தட்டு வைத்ததும் ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்து வாயைத் திறப்பேன். வயிறு முட்டிய பிறகும் திறப்பேன். இன்னும் ஒரு வாய், அப்பா, இன்னும் ஒரு வாய். அந்த விரல்களின் சிகரெட் நாற்றம் இன்றும் தொண்டையில் நிற்கிறது. பாசம் என்றார்கள் பார்த்தவர்கள். நான் பார்த்தது காவல் வேலை.

கேக் வெட்டியானது. அப்பா ஒரு துண்டை எடுத்து என் உதட்டுக்கு நேராக நீட்டினார்.

"சார், இன்னும் கொஞ்சம் கிட்ட. ஸ்மைல் மாடி," என்றார் போட்டோக்காரர், பாதி கன்னடத்தில்.

"வாயத் தொறடா, அப்பா கோண்டு," என்றாள் அத்தை, மைக்கிலேயே.

திறந்தால் இந்தப் பொய் போட்டோவாகும், ஃபிரேம் போடப்படும், அவர் போன பிறகும் என் வீட்டுச் சுவரில் பல்லிளிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கிரீம் என் மீசையில் அப்பியது.

"என்னடா, வேணாங்கிறியா?" அப்பாவின் குரலில் அந்தப் பழைய உப்பு.

பக்கத்து நாற்காலியிலிருந்து அம்மா எழுந்தாள். "கைய எறக்குங்க," என்றாள். அவரிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "அவனுக்கு அப்பவே வயிறு ரொம்பிடுச்சு. எனக்காகத்தான் தின்னான்."

அத்தை மைக்கை அணைத்திருக்கவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அப்பா கையை இறக்கவில்லை. நீட்டியபடியே வைத்திருந்தார். கிரீம் விரலிடுக்கில் வழிந்து மேஜை விரிப்பில் சொட்டியது. அந்தத் துண்டை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.