அம்மா போடாத கையெழுத்து

நெருங்கிய தோழிகளுக்கு மட்டும். அம்மா பக்கத்தில்தான் தூங்குகிறார்.

எனக்கு வாசிக்க நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும் படிவத்தில் கையெழுத்துப் போடவே மாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தார்.

இன்று தேக்கா மார்க்கெட்டில் எதிர்வீட்டு ரஹிமா ஆன்ட்டியைப் பார்த்தோம்.

"என் மகனுக்கு எக்ஸ்ட்ரா டைம் கொடுத்தாங்க லா. இந்தத் தடவைதான் பேப்பரை முழுசா முடிச்சான்" என்றார்.

"வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" அம்மா மெதுவாகக் கேட்டார்.

"நினைக்கட்டுமே! பிள்ளை அழாம வீட்டுக்கு வர்றான்ல."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா, "அந்த ஃபார்மை எடுத்துட்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்" என்றார்.

ஆனால் அம்மாவின் கையெழுத்தை நானே போட்டு, போன திங்கட்கிழமையே அந்தப் படிவத்தை டீச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

"ஸ்கூல்ல இருக்கும்மா" என்றேன். பொய்யில்லைதானே?

யாராவது விழித்திருந்தால் சொல்லுங்கள். நாளைக்கு டீச்சரிடம் என்ன சொல்லி இன்னொரு படிவம் கேட்பது?