தூதரகத்துக்குச் சொல்லாத கைது

1. சேர்ந்த அன்று

எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி, தியாகதுருகத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் வி.ஏ.ஓ.வாகச் சேர்ந்த அன்றே வளர்மதியைப் பார்த்தேன். அவருடைய கணவரின் அண்ணன் முனுசாமி அழைத்து வந்திருந்தார். கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டும், அதற்கு நான் விசாரித்து எழுத வேண்டும் என்றார்.

“தம்பி ஏழுமலை வளைகுடாவுக்குத் தண்ணி லாரி ஓட்டப் போனான் மேடம். மொத வருசம் போன் வந்துகினு இருந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. அங்க வேற எவளையோ கட்டிக்கினான்னு ஊர்ல பேசறாங்க. இந்தப் பொண்ணு கொழந்தைய வெச்சிக்கினு இன்னா பண்ணும்?”

வளர்மதி சுவரோரம் நின்றிருந்தார். “நீ என்னம்மா சொல்றே?” என்று கேட்டேன்.

“அவரு எங்கள விட்டுட்டாருன்னு எனக்குத் தெரியாதுங்களே. தெரியாதத எப்படிங்க சொல்றது?”

“இதையேதாங்க சொல்லிக்கினு இருக்குது” என்றார் முனுசாமி. சலிப்பு இருந்தது, கோபம் இல்லை. கூலி வேலை செய்து தன் வீட்டையும் தம்பி வீட்டையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். அந்தப் பெண் வாயால் சொல்லாததை நான் எழுத முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறகு விசாரித்ததில் மற்றதெல்லாம் தெரிந்தது. அனுப்பி வைத்த ஏஜெண்டு கடையை மூடிவிட்டார். அங்கே வேலை கொடுத்த கம்பெனி, “ஆள் ஓடிப்போய்விட்டார்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனு அங்கேயுள்ள இந்தியத் தூதரகம் வரை போயிருந்தது. அப்படி ஒருவரைப் பற்றித் தங்களுக்குத் தகவல் இல்லை என்று பதிலும் வந்திருந்தது. அதற்குமேல் எங்கே போய்க் கேட்பது?

ஊர்ப் பேச்சு வேறு. ஒரு வளைகாப்பில் குங்குமத் தட்டை நீட்டிய பெண், வளர்மதி முன்னால் வந்ததும் கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கி நின்றுவிட்டாராம். வளர்மதி தானே கையை நீட்டி எடுத்து வைத்துக்கொண்டதாக எங்கள் தலையாரி சொன்னார்.

2. கேரளாவிலிருந்து ஒரு போன்

கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸில், ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி வேலை நடந்துகொண்டிருந்தது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. மலையாள வாடையடிக்கும் தமிழ்.

“ஏழுமலையோட ஊர் ஆபீசர் நீங்கதானே? அவர் உயிரோட இருக்கார் மேடம். ஜெயில்ல. நான் அதே ரூம்ல இருந்தேன். இப்பதான் விட்டாங்க, நாட்டுக்கு வந்துட்டேன்.”

அவர் பெயர் ஷாஜி. ஏழுமலை மனப்பாடமாகச் சொல்லி அனுப்பிய மனைவியின் எண்ணுக்கு முதலில் அடித்திருக்கிறார். யாரோ வடநாட்டுக்காரர் எடுத்திருக்கிறார். ரீசார்ஜ் செய்ய வழியில்லாமல் போன எண் வேறு கைக்குப் போய்விட்டிருந்தது. பிறகு ஊர்ப் பெயரை நெட்டில் போட்டுத் தேடி, வி.ஏ.ஓ. எண்ணைப் பிடித்திருக்கிறார்.

“இந்தியன் எம்பசி, இந்தியன் எம்பசின்னு அவர் கேட்காத நாள் இல்ல. சொல்றோம் சொல்றோம்னு சொல்வாங்க. யாரும் வரல” என்றார் ஷாஜி.

தாசில்தாரிடம் சொல்லிவிட்டு நேராக ஊருக்குப் போனேன். வளர்மதி மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அழவில்லை.

“அடிகிடி பட்டிருக்குதுங்களா?”

“இல்லம்மா. நல்லா இருக்கறாராம்.”

“அவருக்குச் சக்கரை உண்டுங்க. மாத்திர குடுக்கறாங்களான்னு கேட்டீங்களா?”

கேட்கத் தோன்றவில்லை. அங்கேயே நின்று ஷாஜிக்கு மறுபடி போன் போட்டுக் கேட்டேன். கொடுக்கிறார்கள் என்றார். அதன்பிறகுதான் வளர்மதி கிழங்குக் குவியல்மேல் உட்கார்ந்தார். பக்கத்து வரப்பிலிருந்து ஓடி வந்த முனுசாமிதான் தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். “என் தம்பிய நானே இன்னான்னாவோ பேசிட்டனே.”

3. எழுதிக் கொடுத்த வாக்கு

கலெக்டர் ஆபீஸ் வழியாகத் தூதரகத்துக்கு மறுபடி தகவல் போனது. இந்த முறை எந்த ஜெயில் என்றே சொல்ல முடிந்தது. சில நாளில் தூதரகத்திலிருந்து ஒரு தமிழ் அலுவலர் என்னிடம் பேசினார். அவர் குரலில் வருத்தம் தெரிந்தது.

“இந்த நாட்டுப் போலீஸ் எங்களுக்குச் சொல்லியிருக்கணும் மேடம். வெளிநாட்டுக்காரரைக் கைது பண்ணினா, தூதரகத்துக்குச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்னு அவர்கிட்ட சொல்லணும். அவர் கேட்டா தாமதமில்லாம எங்களுக்குத் தெரிவிக்கணும். இது சர்வதேச ஒப்பந்தம். நம்ம நாடும் அதை ஏத்துக்கிட்டிருக்கு, அவங்களும் ஏத்துக்கிட்டிருக்காங்க. நாங்க கேட்டப்பவும் இல்லைன்னுட்டாங்க.”

எனக்கு அதுவரை பட்டா, சிட்டா, அடங்கல்தான் தெரியும். நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம் என்றால் போர், எல்லை, அணு உலை என்றுதான் நினைத்திருந்தேன். அதில் ஒரு வரியை ஓர் அரசாங்கம் மதிக்காமல் விட்டதால், நம் மரவள்ளிக் காட்டில் ஒரு பெண் புருஷன் விட்டுப் போனவள் என்று பேர் வாங்கியிருக்கிறாள்.

நடந்தது இதுதான். ஏழுமலை ஓட்டிய தண்ணீர் லாரி, உள்ளூர்க்காரர் ஒருவரின் கார்மீது மோதியது. அவருக்குக் கால் முறிந்தது. கம்பெனி, ‘எங்களைக் கேட்காமல் வண்டியை எடுத்துப் போனார்’ என்று கைகழுவியது. ஏழுமலை என்ன சொன்னார் என்பதை அரபியில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது, சொல்ல மொழிபெயர்ப்பாளரும் இல்லை. அதை வைத்தே கோர்ட்டில் தண்டனையும் ஆகிவிட்டது. மேனேஜர்தான் வண்டியை எடுக்கச் சொன்னார் என்பதற்குச் சாட்சி, கூட வேலை பார்த்த ஒருவர். தூதரகம் உள்ளே நுழைந்தபோது அவர் ஒப்பந்தம் முடிந்து எந்த நாட்டுக்கோ போய்விட்டிருந்தார். முதல் வாரமே சொல்லியிருந்தால் அந்த வாரமே பேச வைத்திருக்கலாம்.

தூதரகம் வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் வைத்து வழக்கை மறுபடி எடுக்கவைத்தது. எங்களால் முடிந்தது, இங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து அவருடைய கனரக லைசென்ஸ் விவரத்தை அனுப்பியது. திருப்பம் வந்தது நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. கால் முறிந்த அந்த மனிதரே ஊன்றுகோலோடு கோர்ட்டுக்கு வந்து, லாரி வேகமாக வரவில்லை என்றும் தான்தான் கவனிக்காமல் திரும்பிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். முதல் விசாரணையில் அவரை யாரும் கூப்பிட்டே கேட்கவில்லையாம்.

ஏழுமலை விடுதலையாகி வந்தார். தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மகளுக்கு அடையாளம் தெரியவில்லை, அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் அவளை இழுக்கவில்லை. அங்கேயே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, “தானா வரட்டும், எனக்கு இன்னா அவசரம்” என்றார். பஸ் ஒன்று வந்து போவதற்குள் அவளே பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அவர் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். கல்வராயன்மலை வளைவுகளில் எதிரே வண்டி வந்தால் முதலில் ஒதுங்குவது அவர்தான் என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்கிறார்கள்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன், உள்ளே எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று.

“சோறு கெடச்சதுங்க மேடம், அடிக்கவும் இல்ல. நான் அங்க இருக்கறது நம்ம பக்கத்து ஆளு ஒருத்தருக்கும் தெரியாதேன்னு நெனைக்கறப்பதான் ஒரு மாதிரி ஆயிடும். செத்தாக்கூடத் தெரியாதுங்களே.”

4. நம் பக்கம்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் மோட்டார் திருட்டுப் போனது. அங்கே வேலை பார்த்த கிரண் என்ற நேபாளக்காரரை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். போலீஸ் எழுதிய மகஜர் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு வழக்கமான வேலைதான்.

போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எஸ்.ஐ.யிடம் கேட்டேன். “சார், இவர் வெளிநாட்டுக்காரர். தூதரகத்துக்குச் சொல்லணுமான்னு இவர்கிட்ட கேட்டாச்சுங்களா?”

அவர் சிரித்தார். “இன்னாங்க மேடம், நேபாளம்லாம் ஒரு வெளிநாடா? பாஸ்போர்ட்டே வேணாம்.”

“வேற நாடுதாங்க சார். நம்ம ஏழுமலைய நெனைச்சுப் பாருங்க.”

அந்தக் கதை அவருக்கும் தெரியும். மேலதிகாரியிடம் போனில் கேட்டார். “கேட்டுத்தான் ஆகணுமாம் மேடம், நல்ல வேளையா ஞாபகப்படுத்தினீங்க” என்றார். இந்தி தெரிந்த ஏட்டய்யா கிரணிடம் விளக்கினார். கிரணுக்கு நம்பிக்கை வரவில்லை, இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். பிறகு தலையாட்டினார். டெல்லியில் உள்ள அவர்கள் தூதரகத்துக்குத் தகவல் போனது.

திருடியது அவரா இல்லையா என்பது கோர்ட் பார்க்க வேண்டிய வேலை. என் வேலை அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது வேறு. அரசாங்கம் கொடுத்த வாக்கு டெல்லியில் மட்டும் காப்பாற்றப்படுவதில்லை. அதைக் காப்பாற்றுவதும் மீறுவதும் கடைசியில் நம்மைப்போல ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள்தான். ஞாபகம் வந்து ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அன்று சாயங்காலமே தூதரகம் சொல்லி, கிரணின் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போன் வந்தது. எங்கள் யாருக்கும் புரியாத மொழியில் அவர் பேசிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு பெண் குரல் விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. நான் மகஜரில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன்.

“அவன் பேசி முடிக்கட்டுங்க மேடம்” என்றார் எஸ்.ஐ.