மருந்துக் குப்பியில் ஒரு ராணி

முதல் மழைக்கு மறுநாள் காலை, தாராவியில் எங்கள் சந்துக் குழாயடியில் அந்த எறும்பைப் பிடித்தேன். எறும்பா அது? திராட்சை விதை தண்டி இருந்தது. உள்ளங்கையில் மூடிக்கொண்டு சித்தியிடம் ஓடினேன்.

சித்தி அம்மாவின் தங்கை. சான்பாடாவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பையோடு வந்து, எங்கள் ஒற்றை அறையில் சுவரோரம் படுத்தே கிடந்தாள். முதுகு வலி என்றார்கள். முன்பும் இரண்டு முறை இதே முதுகு வலியோடு வந்து, அழுதுகொண்டே திரும்பியிருக்கிறாள். நாளெல்லாம் போனில் வீடியோ பார்ப்பதால் அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தாள். "நெஞ்சு பருத்திருக்கு பாரு. றெக்கைய அவளே பிச்சுப் போட்ட தடம் தெரியுது. ஏட்டி, இது ராணி!"

காலி ஹோமியோபதிக் குப்பியின் அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, பிறகு ராணி, குப்பி வாயிலும் பஞ்சு. கறுப்புத் துணி சுற்றிப் பரணில் வைத்தேன்.

"தீனி வேண்டாம். ஆட்டாத, அசைக்காத. பயந்துட்டான்னா போட்ட முட்டைய அவளே தின்னுருவா." சொல்லும்போதே சித்தியின் முகம் வெளுத்துவிட்டது.

அன்றிலிருந்து வீடே அடங்கிப் போனது. அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். அம்மா சட்னியைப் பக்கத்து வீட்டில் அரைத்து வந்தாள். வாராவாரம் எறும்புச் சாக்பீஸால் வாசலில் கோடு இழுப்பவள், சித்திக்குக் குமட்டுகிறது என்று அதையும் விட்டாள். "மூணு மாசம் முடியட்டும், வெளிய மூச்சு விடாதீங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். ஒரு ராணிக்கு இத்தனை மரியாதையா! எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தியோ என்னைவிடப் பயந்தாள். "முட்ட இருக்கா?" என்று சாயங்காலமானால் கேட்பாள்.

பிள்ளையார் சதுர்த்திக்கு டோல் மேளம் அடித்துப் பழகும் பையன்கள் ஒருநாள் சந்துக்குள் வந்துவிட்டார்கள். பரண் தகரம் அதிர்ந்தது. சித்தி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அப்பா வெளியே ஓடிப்போய், வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்று இந்தியில் கெஞ்சினார். முட்டை போயிருக்குமோ என்று கேட்டேன். அம்மா சித்தியைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பயம் பொறுக்காமல் ஸ்டூல் போட்டு ஏறித் துணியை விலக்கினேன். வெள்ளை முட்டைகளுக்கு நடுவே, ராணியின் காலடியில் பொடிசாக ஓர் எறும்பு நின்றது. சித்தியிடம் சொல்ல வாசலிலேயே காத்திருந்தேன்.

ஆட்டோவிலிருந்து இறங்கியவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "ஒண்ணும் ஆகலட்டி. உசுரு நல்லா இருக்கு."

பரண் ஏறிப் பார்த்தது நான் ஒருத்திதான். அதற்குள் இவளுக்கு யார் சொன்னது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.